படைக்கு வரைபடம் அச்சடித்த மாமா: திருகோணமலைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

போன வருடம் இங்குள்ள ஒரு பாடசாலைக் கண்காட்சியில் என் மாமாவின் பொருட்களை வைத்தேன். இரண்டு அலுமினிய அச்சுப் பிளேட், லூப் என்கிற ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, மூன்று வரைபடத் தாள்கள், பழைய படத்தில் அவர் சீருடையோடு நிற்பது. அவர் பிரித்தானிய இராணுவத்தில் 22 வருடம் வரைபடம் அச்சடித்தவர். மேசைக்கு முன்னால் நின்ற பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் அங்கே நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்து எழுதுகிறேன். நானும் அச்சகக்காரன்தான், திருகோணமலையில் சின்னதாக ஓர் ஓஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். அதனால் மெஷின் பற்றிய பகுதி கொஞ்சம் நீண்டுவிட்டது.

அவர் எந்த இராணுவம்? இலங்கை இராணுவமா?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள், சிலர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். மாமா 1961இல் கப்பலேறி லண்டன் போனார். பொதுநலவாய நாட்டவர் பிரித்தானிய இராணுவத்தில் சேரலாம் என்று தெரிந்து சேர்ந்தார். அவரைச் சேர்த்தது ரோயல் எஞ்சினியர்ஸ் என்ற பொறியியற் படை. பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, வீதி போடுவது எல்லாம் அந்தப் படையின் வேலை. நிலத்தை அளந்து வரைபடம் ஆக்கி அச்சடிப்பதும் அதே படையின் வேலைதான். அங்கே சாதாரணச் சிப்பாயை 'சப்பர்' என்பார்கள். மாமா சப்பராகச் சேர்ந்து, கோப்ரல், சார்ஜன்ட் என்று ஏறி, 1984இல் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அங்கேயே ஒரு தனியார் அச்சகத்தில் இருந்தார். ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பியது இங்கே உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு.

அச்சடிக்க எதற்குச் சிப்பாய்? வெளியே அச்சகத்தில் கொடுக்கலாமே?

சமாதான காலத்தில் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் படை நகரும்போது அச்சகமும் கூடவே நகர வேண்டும். நேற்று இருந்த பாலம் இன்று இருக்காது. காலையில் விமானம் எடுத்த படத்தில் தெரிந்த பதுங்குகுழி மாலைக்குள் தளபதியின் வரைபடத்தில் ஏற வேண்டும். பழைய வரைபடத்தின் மேலேயே புதுத் தகவலை ஒரு நிறத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள், அதை 'ஓவர்பிரிண்ட்' என்பது. இந்த வேலையை இரவிரவாகச் செய்து விடியமுன் கையில் கொடுக்க வேண்டும். ஆபத்தான இடத்தில் வாயையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். அதனால்தான் அந்த அச்சாளர் சிப்பாயாக இருந்தாக வேண்டும்.

எவ்வளவு தாள் வேண்டியிருந்தது என்று ஒரு கணக்குச் சொன்னால் விளங்கும். முதலாம் உலகப் போரில் மேற்குப் போர்முனைக்கு மட்டும் பிரித்தானியர் அச்சடித்த வரைபடத் தாள்கள் சுமார் 3 கோடியே 40 லட்சம். 1944 ஜூனில் நோர்மண்டியில் இறங்கிய நடவடிக்கைக்குத் தயாரானவை சுமார் 17 கோடி. ஒவ்வொரு தாளையும் ஒருவர் மெஷினில் விட்டு, எடுத்து, பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த நினைப்புத்தான் என்னை இதை எழுத வைத்தது.

வரைபடம் எப்படி அச்சாகிறது? சாதாரண நோட்டீஸ் மாதிரித்தானா?

மெஷின் அதே மெஷின்தான். கவனம்தான் வேறு.

மாமா சேர்ந்த காலத்தில் கணினி இல்லை. நிலஅளவையாளர் வெளிக்களத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டோடு நின்று அளந்ததும், விமானப் படத்திலிருந்து எடுத்ததும் சேர்ந்து வரைஞரிடம் வரும். அவர் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுப்பார், அதன் மேல் ஒளி புகாத பூச்சு இருக்கும். நீலமணி முனை வைத்த ஊசியால் அந்தப் பூச்சைக் கீறி எடுப்பார். கீறிய இடத்தால் ஒளி போகும். அதுவே நெகட்டிவ். சமவுயரக் கோட்டுக்கு ஒரு தாள், ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரு தாள், காட்டுக்கு ஒரு தாள், வீதிக்கு ஒரு தாள், பெயர்களுக்கும் வீடுகளுக்கும் ஒரு தாள். ஒரு நிறத்துக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றையும் பிளேட்டின் மேல் வைத்து, காற்றை உறிஞ்சி இறுக்கி, கடும் வெளிச்சம் பாய்ச்சினால் பிளேட்டில் உருவம் விழும். பழைய காலத்தில் துத்தநாகப் பிளேட், பிறகு அலுமினியம். ஓஃப்செட்டின் சூட்சுமம் எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான். உருவம் உள்ள இடம் மையைப் பிடிக்கும், வெறும் இடம் தண்ணீரைப் பிடிக்கும். மை பிளேட்டிலிருந்து உருளையில் சுற்றிய ரப்பர் விரிப்புக்கு (பிளாங்கெட்), பிளாங்கெட்டிலிருந்து தாளுக்குப் போகும். 1796 அளவில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த கல்லச்சின் பேரப்பிள்ளைதான் இது.

ஒரு நிற மெஷினில் ஐந்து நிற வரைபடம் என்றால் ஒரே தாள் ஐந்து முறை மெஷினுக்குள் போய் வரவேண்டும். ஐந்து முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். இதைத்தான் நாங்கள் ரெஜிஸ்டர் என்கிறோம். மாமாவின் 22 வருடத்தையும் ஒரு சொல்லில் சொல்லச் சொன்னால் நான் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன்.

இதற்கு எதிரி தாள்தான். தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் நீளும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே 60 சென்ரிமீற்றர் தாளில் 0.6 மில்லிமீற்றர் ஆகிவிடும். சிங்கப்பூரில் இருந்த காலத்தில் மாமா கண்ட பெரிய தொல்லை இதுதான். காலையில் நீலம் ஓட்டிய தாள், பின்னேரம் மழை பெய்தபிறகு மண்ணிறத்தை ஏற்றுக்கொள்ளாது. அதனால் தாளைக் கட்டு பிரித்து, மெஷின் அறைக் காற்றிலேயே நாட்கணக்கில் தொங்கவிட்டுப் பழக்குவார்கள். இங்கே என் அச்சகத்துக்கு வந்தால் முதலில் தாள் கட்டைத்தான் தொடுவார். விரிக்காமலே, ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தடவை உருட்டிவிட்டு, "மருமகன், இது நேற்று மழையில நனைஞ்ச காத்துக் குடிச்சிருக்கு. இண்டைக்கு ரெண்டு நிறம் ஓட்டாத" என்பார். நான் கேட்காமல் ஓட்டிய நாட்களில் கழிவுத் தாள் குவிந்தது.

அரை மில்லிமீற்றர் தப்பினால் என்ன குறைந்துவிடும்?

இதைக் கேட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கேயே தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களிடம் உள்ள இடவிளக்கப்படம், அதாவது மேடுபள்ளம், ஆறு, வீதி எல்லாம் காட்டும் வரைபடம், 1:50,000. ஒரு சென்ரிமீற்றர் என்றால் 500 மீற்றர். அரை மில்லிமீற்றர் என்றால் 25 மீற்றர். ஒரு மைலை ஓர் அங்குலத்தில் காட்டும் பழைய ஓர் அங்குலப் படத்தில், அதாவது 1:63,360இல், அதே அரை மில்லிமீற்றர் கிட்டத்தட்ட 32 மீற்றர்.

இப்போது கோணேசர் கோயிலுக்குப் போய், குன்றின் விளிம்பில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பாருங்கள். நிற்கிற இடத்திலிருந்து 25 மீற்றர் தள்ளினால் எங்கே இருப்பீர்கள்? கடல். சமவுயரக் கோட்டின் மண்ணிறம் மட்டும் அரை மில்லிமீற்றர் கிழக்கே நகர்ந்தால், தாளில் அந்தக் குன்று தண்ணீருக்குள் இறங்கிவிடும். நீலம் நகர்ந்தால் ஆறு பாலத்தை விட்டு விலகும். இடத்தை எண்ணால் சொல்ல உதவும் கட்டக் கோடுகள், அதாவது ஆள்கூற்றுக் கோடுகள், நகர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பீரங்கிக்காரர் அந்தக் கோடுகளை வைத்துத்தான் இலக்குச் சொல்வார். அச்சாளர் பார்க்காமல் விட்ட தாளில் குண்டு விழுகிற இடம் மாறும். யாருடைய தலையில் விழும் என்பது அச்சாளருக்கு ஒருநாளும் தெரியவராது.

மாமா இதைப் பெரிதாகப் பேசமாட்டார். ஆனால் குறித்த எண்ணிக்கைத் தாள் ஓடும்போதெல்லாம் ஒரு தாளை உருவி, நிறங்கள் சரியாக உட்கார்ந்தனவா என்று காட்டும் நாலு மூலைச் சிலுவைக் குறிகளில் லூப்பை வைத்துப் பார்ப்பார். லூப்பைக் கண்ணில் ஒட்டியபடி மூச்சை நிறுத்திவிடுவார். நாலு மூலையும் முடிந்த பிறகுதான் மூச்சு வரும். எழுபது வயதுக்கு மேலும், என் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் ஓடும்போதும் அப்படித்தான் பார்த்தார்.

இராணுவ வரைபடத்தின் நிறங்கள் ஏன் ஒரு மாதிரி மங்கலாக இருக்கின்றன?

இரவில் படிக்க வேண்டும் என்பதால். சிப்பாய்கள் இரவில் சிவப்பு வெளிச்ச டோர்ச் பாவிப்பார்கள், இருட்டுக்குப் பழகிய கண் அதில் கெடாது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் தூய சிவப்பு மை வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துபோகும். வீதி சிவப்பில் இருந்தால் இரவில் வீதியே இல்லை. அதனால் கருமை கலந்த சிவப்பும் மண்ணிறமும் பாவிக்கிறார்கள். வீட்டில் பரிசோதித்துப் பார்க்கலாம். சிவப்புக் கண்ணாடித் தாளை டோர்ச்சில் கட்டி, சிவப்புப் பேனாவால் எழுதிய தாளில் அடித்துப் பாருங்கள்.

லொறிக்குள் அச்சகம் இருந்தது உண்மையா?

உண்மை. இரண்டாம் உலகப் போரிலேயே ஓஃப்செட் மெஷினை லொறியில் ஏற்றி, படைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஒரு லொறியில் கமெரா, ஒன்றில் பிளேட் வேலை, ஒன்றில் மெஷின். நின்ற இடத்தில் முதலில் ஜாக் வைத்து லொறியை மட்டம் பார்க்க வேண்டும். மெஷின் சரிந்திருந்தால் தண்ணீரும் மையும் ஒரு பக்கம் போகும். மாமா ஜெர்மனியில் பயிற்சிகளுக்குப் போனபோது மட்டம் பார்க்கும் வேலை அவர் கையில். பனி உறைந்த வயலில், விறைத்த விரலோடு குமிழி மட்டத்தைப் பார்த்ததை மட்டும் அடிக்கடி சொல்வார்.

பட்டுத் துணியில் வரைபடம்?

ஆம், இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குக் கொடுத்தார்கள். விழுந்தால் தப்பி வர. துணி சத்தம் போடாது, நனைந்தாலும் கிழியாது, சட்டைத் தையலுக்குள் மறையும். மாமா காலத்துக்கு முந்தியது, அவர் அச்சடித்ததில்லை.

துப்பாக்கி பிடித்தாரா? யாரையாவது சுட்டாரா?

துப்பாக்கிப் பயிற்சி எல்லாச் சப்பருக்கும் உண்டு, அவருக்கும் இருந்தது. ஒருவரையும் சுட்டதில்லை. சின்னப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு முகம் வாடினார்கள், அது எனக்குக் கவலையாக இருந்தது. நம் ஊரில் பிறந்த பிள்ளைக்குப் படைவீரன் என்றால் துவக்குத்தான் கண்ணில் வரும், வேறு எது வரும்? மாமா உயிரோடு இருந்தபோது நான் கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் சுடேல்ல. ஆனா நான் அடிச்ச தாளை வைச்சு என்ன செய்தாங்களோ, அது எனக்குத் தெரியாது." அதைச் சொன்னபிறகு அன்று வேறு பேச்சுப் பேசவில்லை.

வரைபடத் தொழிலுக்கும் திருகோணமலைக்கும் என்ன தொடர்பு?

இந்தத் துறைமுகத்துக்காகத்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்ட ஒவ்வொருவரும் குடாவை அளந்து வரைந்தார்கள். கடலில் ஆழம் காட்டும் படம் வேறு, தரைப்படைக்கான படம் வேறு. முன்னதைக் கடற்படையின் நீரளவையாளர் செய்வார், பின்னதைத்தான் மாமாவின் ஆட்கள் செய்தார்கள்.

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த வருடத்துக்குள் இலங்கையின் கரையோரம் முழுவதும் அவர்கள் கையில். அந்தப் படையெடுப்பில் பொறியியலாளராக வந்தவர்களில் ஒருவர் கொலின் மெக்கென்சி. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக 1815இல் நியமிக்கப்பட்டவர் அவர்தான். தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்ததால் நம்மவருக்கும் தெரிந்த பெயர். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. 1802இல் சென்னைப் பரங்கிமலையடியில் வில்லியம் லாம்டன், முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் கோட்டை (அடிக்கோடு) அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவரும் ஒரு காலாட்படை அதிகாரி. ஆக, இந்தத் தொழிலை இந்தப் பக்கத்தில் நட்டவர்களே சிப்பாய்கள்தான்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அன்று அம்மாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு காட்டுப் பக்கம் ஓடியதாகச் சொல்வார். மாமாவுக்கு அப்போது இரண்டு வயது. விமானிகளும் ஏதோ ஒரு வரைபடத்தை மடியில் விரித்துவைத்துத்தான் வந்திருப்பார்கள் என்று மாமா பிற்காலத்தில் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

போர்க்காலத்தில் உங்கள் வீட்டில் வரைபடங்கள் இருந்தனவா?

ஒன்று இருந்தது. மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பழைய ஓர் அங்குலப் படம், திருகோணமலைத் தாள். துணியில் ஒட்டியது. நான் அதை விரித்து, விரலால் நிலாவெளி வீதியில் நடந்து விளையாடுவேன். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று எழுத்துக் கூட்டிப் படித்ததும் அதில்தான்.

தொண்ணூறுகளில் வீடுவீடாகச் சோதனை நடந்தது. வரைபடம் வைத்திருக்கிறவன் எதற்கு வைத்திருக்கிறான் என்ற கேள்விக்கு நம் ஆட்களிடம் பதில் இல்லாத காலம். ஒருநாள் இரவு அம்மா அதை நாலாக, எட்டாக மடித்து அடுப்புக்குள் வைத்தார். துணி உடனே பற்றவில்லை. ஓரம் கருகி, கொட்டியாரக் குடாவின் நீலம் முதலில் மண்ணிறமாகி, பிறகு கறுத்தது. பச்சை கடைசி வரைக்கும் கிடந்தது. அம்மா ஊதுகுழலால் ஊதி ஊதி எரித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பல வருடம் கழித்து மாமாவிடம் இதைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "அக்கா செய்தது சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "துணி நல்ல துணி" என்றார்.

இப்போது இடவிளக்கப்படம் வாங்கலாமா?

வாங்கலாம். நில அளவைத் திணைக்களம் விற்கிறது. தலைமை அலுவலகம் கொழும்பில் கிருல வீதியில் இருக்கிறது. போவதற்கு முன் இங்குள்ள மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1:50,000 தொடரில் நாடு முழுவதும் 92 தாள்கள். பரீட்சைக்கு மட்டும் துண்டுப் படம் பார்த்த பிள்ளைகள் ஒரு முழுத் தாளையாவது வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஃபோனில் மப் இருக்கும்போது தாள் எதற்கு?

ஃபோன் நீங்கள் நிற்கிற இடத்தைக் காட்டும். தாள் நீங்கள் நிற்காத இடத்தையும் சேர்த்துக் காட்டும். மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலை வரைக்கும் ஒரே பார்வையில், ஒரே அளவுத்திட்டத்தில் பார்க்க ஃபோன் திரை போதாது. பற்றரி இறங்கினாலும் தாள் இறங்காது. இராணுவங்கள் இன்னும் தாளைக் கைவிடாததற்கு இதுதான் காரணம்.

இந்தத் துறையில் படிக்க இங்கே வழி உண்டா?

உண்டு. தியத்தலாவையில் நில அளவை, படமாக்கல் கற்பிக்கும் நிறுவகம் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் புவித்தகவல் சார்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. கணிதம் நன்றாகச் செய்ய வேண்டும். அச்சுப் பக்கம் போக விரும்பினால் என்னிடம் வாருங்கள், ரோலர் கழுவுவதிலிருந்து தொடங்கலாம். மாமாவும் 14 வயதில் திருகோணமலை டவுனில் ஒரு கால்மிதி மெஷினில் மை தடவித்தான் தொடங்கினார்.

அவர் கடைசியாக அச்சடித்தது எது?

கண்காட்சியில் ஓர் ஆசிரியை கேட்டது. அன்றைக்கு அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன், இங்கே முழுவதும் சொல்கிறேன்.

இறப்பதற்கு முந்தின வருடம். ஒரு பாடசாலை விழா மலருக்கு ஊர்ப் படம் ஒன்று மடித்து வைக்கக் கேட்டார்கள். நாலு நிறம், 300 தாள். மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அச்சகத்துப் பையன் ஓட்டினான். ஓடி முடிந்து கட்டியாயிற்று. மாமா நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, லூப்பை டச்சுக் குடாக் கரையில் வைத்தார். மூச்சு நின்றது. நீலம் ஒரு மயிரிழை மேற்கே வந்திருந்தது. கடற்கரை வீதியின் ஓரத்தில் கடல் ஏறியிருந்தது.

"மாமா, இது பாடசாலைப் புத்தகம். ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்றேன்.

"அந்த ரோட்டில உன்ர பிள்ளை சைக்கிள்ல போறான்தானே" என்றார்.

திரும்ப அடித்தோம். அந்த முறை மெஷினுக்குப் பக்கத்தில் அவரே நின்று, 50 தாளுக்கு ஒன்று உருவிப் பார்த்தார். முதல் 300ஐயும் எறிய மனம் வரவில்லை. அவற்றின் பின்பக்கத்தில்தான் இன்றைக்கும் என் அச்சகத்துக் கணக்கை எழுதுகிறேன். இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது.